திருடன் யார் என்று கேட்க பத்து காஜா போனோம்

1982-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மீசையைக் காப்பாற்றுவதற்காக மலேசியாவின் ஈப்போவிலிருந்து பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்குப் பயணம் போனேன். சிரிக்காமல் கேளுங்கள்.

அப்போது சனிக்கிழமை மாலை ஏழு மணி ஆனால் எங்கள் புந்தோங் தெருவே டிவி முன்னால்தான் இருக்கும். மலாய் எழுத்து ஓடும் பிரிட்டிஷ் துப்பறியும் தொடர். ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவர், சைட்கார் மோட்டார் சைக்கிளில் தன் அக்காவை உட்காரவைத்துக்கொண்டு ஊர் ஊராகத் திருடர்களைப் பிடிப்பார். பாதி நேரம் அக்காதான் பிடிப்பாள். முந்தின நாள் கதையில் ஒரு மாளிகையின் வெள்ளிக் கோப்பை காணாமல் போனது.

"டாக்டர்தான் எடுத்திருக்கான். இல்லன்னா மீசைய எடுத்துடுறேன்" என்றேன்.

"இல்லங்க, அவருகிட்ட மருந்து கலக்குற கம்பவுண்டர்" என்றாள் என் மனைவி செல்லம்.

எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில், திருடன் யார் என்று சொல்லும் முன், மின்சாரம் போய்விட்டது. மறு ஒளிபரப்பாவது ஒன்றாவது! எனக்குத் தூக்கமே வரவில்லை.

செல்லத்தின் அண்ணன் மாரிமுத்து தோட்டத்தில் பால்மரம் வெட்டுபவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பவர். அங்கே சொந்த ஜெனரேட்டர், மண்டபத்தில் டிவி. காலை எட்டரைக்கு பஸ் ஏறினோம். டிக்கெட் எண்பது காசு, முக்கால் மணி நேரத்தில் பத்து காஜா. அங்கிருந்து மூன்று கட்டை, அதாவது ஐந்து கிலோமீட்டர். டாக்சிக்கு இரண்டு வெள்ளி, அதாவது இரண்டு ரிங்கிட்.

"காலைலயே தோட்டத்துக்கா? யாருக்காச்சும் உடம்பு முடியலையா அண்ணே?" என்றார் டாக்சிக்காரர். விஷயத்தைச் சொன்னதும் பிரேக் போட்டார். "நம்ம வூட்லயும் கரண்டு போச்சுலா! நானும் உள்ள வாரேன்."

மாரிமுத்து தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் வாசலிலேயே நின்றார். நலம்கூட விசாரிக்கவில்லை நான்.

"மச்சான், யாரு திருடன்?"

"டாக்டர்தான்லா!"

ஆகா! டாக்சிக்காரரைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். மீசையை முறுக்கிக்கொண்டே கோழிக்கறியும் சோறும் ஒரு பிடி பிடித்தேன். செல்லம் என் தட்டில் இன்னும் கொஞ்சம் கறி போட்டாள்.

டாக்சிக்காரருக்குத்தான் ஒரு சந்தேகம். "டாக்டருக்கு அவ்ளோ பெரிய வூடு இருக்கு. கோப்பைய எதுக்குண்ணே திருடணும்?"

"அவனுக்கு ஏது வூடு? ஒல்லியா, பாட்டில் கலக்கிக்கிட்டு, காயத்துக்குக் கட்டுப் போடுவானே, அவன்லா" என்றார் மாரிமுத்து.

"மச்சான், அது கம்பவுண்டர்!"

"ஆமா, நம்ம தோட்டத்து டாக்டர் மாதிரி. கோட்டுப் போட்டவரு பெரிய டாக்டர். இங்க மாசம் ஒருக்கா வாராரே, அந்த மாதிரி."

முறுக்கிய மீசையிலிருந்து கையை எடுத்தேன். தோட்டத்தில் கம்பவுண்டரைத்தான் டாக்டர் என்பார்கள் என்று டவுனில் பிறந்த எனக்கு எப்படித் தெரியும்?

திரும்பும்போது டாக்சிக்காரர் காசே வாங்கவில்லை, நேராக முடிவெட்டும் கடை வாசலில் இறக்கிவிட்டார். மீசைக்கு ஒரு வெள்ளி.

அந்தப் பக்கம் போகிறவர்கள் காலையிலேயே கிளம்புங்கள், பிற்பகலில் மழை பிடித்துக்கொள்ளும். ரப்பரைத் தேடாதீர்கள், இப்போது எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. பழைய தோட்டத்து ஆட்கள் யாராவது டாக்டர் என்றால், எந்த டாக்டர் என்று மறக்காமல் கேளுங்கள்.

அன்று வீடு திரும்பும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. செல்லம் அந்த லயத்திலேயே பிறந்து வளர்ந்தவள்.

"உனக்கு அப்பவே தெரியும்தானே? ஏன் சொல்லல?"

"கடைசியா ஒரு தடவ நல்லா முறுக்கிக்கட்டும்னுதாங்க."