பஷீர் பாயை முந்தப் போட்ட விளம்பரம்

கும்மிடிப்பூண்டியில் கிரேன் வாடகைக்கு விடுகிறேன். எதிர் ஷெட்டில் இதே தொழில் செய்யும் பஷீர் பாய்க்கு இணைய விளம்பரத்தால் ஆர்டர் குவிந்ததில் எனக்கு வயிறு எரிந்தது. பக்கத்துப் புதுத் தொழிற்சாலையின் ஆர்டரையாவது முந்திப் பிடிக்க நானும் விளம்பரம் கொடுத்தேன். கிரேன் பற்றி யார் எதைத் தேடினாலும் என் பெயர் வரட்டும் என்று 'பிராட் மேட்ச்' போட்டேன்.

போன் ஓயவில்லை. எல்லாரும், "சார், கிரேன் ஓட்ற வேலை கீதா?" என்றார்கள். கடுப்பில் அத்தனை பேரையும் பாயிடம் அனுப்பினேன்.

விளம்பரத்தை ஒருவர் தட்டினாலே காசு போகும் என்பதால், பத்து மணிக்கே அன்றைய விளம்பரப் பணம் தீர்ந்து என் விளம்பரம் மறைந்தது. பதினொன்றுக்குத் தொழிற்சாலைக்காரர்கள் தேடியபோது பாய் மட்டுமே தெரிந்தார். ஆர்டர் அவருக்கே போனது.

மாலையில் பாய் வந்தார். "சோக்கா ஒரு டிரைவர் அனுப்சே நைனா. இன்னொருத்தன் கீறானா?"

இப்போது 'கும்மிடிப்பூண்டி கிரேன் வாடகை' என்றே தேடுபவருக்கு மட்டும் தெரியும்படி 'எக்ஸாக்ட் மேட்ச்' வைத்திருக்கிறேன். தப்பித்தவறி யாராவது வேலை கேட்டால், பாய் ஊரிலேயே இல்லை என்கிறேன்.