அம்மை போலத்தான் என்று நினைத்தேன்

எங்கள் குடும்பத்தில் அம்மை வந்து போனவர்தான் அம்மை போட்டவரைப் பார்த்துக்கொள்வார். கொரோனாவையும் அப்படியே நினைத்துவிட்டேன். எனக்கு லேசாக வந்து போய்ப் பல மாதம் கழித்து, முசிறியில் நாத்தனாருக்குத் தொற்று என்றார்கள். "எனக்குத்தான் வந்துட்டுப் போயிடுச்சே" என்று மாஸ்க் கூடப் போடாமல் போய்ப் பார்த்துக்கொண்டேன்.

ஸ்ரீரங்கம் திரும்பி ரசம் தாளிக்கையில், நிறைமாத மகள் அடுக்களைக்கு வந்தாள். "என்னம்மா, இப்படிக் கருகுது, தெரியலையா?"

எனக்கு எந்த வாசனையும் வரவில்லை. பரிசோதித்தால், மறுபடியும் கொரோனா!

"லேசா வந்திருந்தா எதிர்ப்பு சக்தி சில மாசத்துலயே குறைஞ்சிடலாம்மா" என்றார் டாக்டர். மகளின் ரிசல்ட் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்லவேளை, அவள் தப்பித்தாள்.

இப்போது காய்ச்சல்காரர் வீட்டுக்கு மாஸ்க்கோடுதான் போகிறேன். பேத்தியைத் தூக்குமுன், காபித்தூள் டப்பாவைத் திறந்து ஒருமுறை முகர்ந்துகொள்கிறேன்.