ஜன்னலில் மாமனாரின் எக்ஸ்ரே

ஒருவர் எதனால் இறந்தார் என்று எழுதிவைக்கும் உரிமை யாருக்கு? எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில், தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீட்டு ஜன்னலில் ஒரு கண்ணாடி இல்லை. அந்த இடத்தில் காலஞ்சென்ற மாமனாரின் நெஞ்சு எக்ஸ்ரேயை ஒட்டியிருக்கிறோம். எங்கள் வரிசையில் பல வீடுகளில் அப்படித்தான். சுரங்க ஷாஃப்டுக்குள் இறங்கிப் பாறை துளைத்தவர்கள் வீட்டில் எக்ஸ்ரே படத்துக்குப் பஞ்சமில்லை. மழைக்கும் தாங்கும்.

சுரங்க மக்களின் வரலாற்றை ஆவணமாகச் சேர்க்கிறோம் என்று பெங்களூரிலிருந்து ஒரு குழு வந்தது. படித்த மருமகள் என்று லைன்காரர்கள் என்னை முன்னே தள்ளினார்கள். நானும் பழைய போட்டோக்களைத் துடைத்து எடுத்துவைத்தேன். வீட்டுக்கு வந்த பெண் அவற்றை விட்டுவிட்டு ஜன்னலையே பார்த்தாள்.

"ஆன்ட்டி, இது எவ்ளோ முக்கியமான டாக்குமென்ட் தெரியுமா?"

"அது ஜன்னல்மா," என்றார் மாமியார். "எட்த்துனு போனா மழ உள்ள வரும். கண்ணாடி போட்டுட்டு எட்த்துனு போ."

சிரித்துக்கொண்டே அவள் படத்தைப் பிரித்து ஓர் உறையில் போட்டாள். மேலே எழுதினாள்: சுரங்கத் தொழிலாளி, காசநோய்.

"டி.பி. இல்லைங்க. மைன்ஸ் தூசி," என்றேன்.

"இந்த மாதிரி படத்துக்கெல்லாம் எங்க டாக்டர் அப்படித்தான் போடச் சொன்னார், மேடம்."

மாமியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "டி.பி.னா ஒட்டிக்கும்னு சொல்வாங்களே. கடசி வரைக்கும் அவரோட ஒரே தட்டுல சாப்ட்டவ நான். எனக்கு இன்னா வந்துச்சு? நல்லாத்தான கீறேன்?"

வீட்டார் தூசி என்கிறார்கள், அதையும் எழுதுங்கள் என்று கேட்டேன். உறையில் அதற்கு இடமில்லை என்றாள். படத்தை உருவி அவள் முன்பே மறுபடி ஜன்னலில் ஒட்டினேன்.

பெங்களூரில் வேலை முடித்து மாலை ரயிலில் வந்த கணவர் திட்டினார். "படிச்சவதான நீ? அவங்க ஏசி ரூம்ல வெச்சிருப்பாங்க. இங்க வெயில்ல வெளுத்துப் போவுது."

அதுவும் உண்மை. விலா எலும்புகள் ஏற்கெனவே மங்கிவிட்டன. தூசி தின்ற நுரையீரலுக்குக் காசநோயும் எளிதில் வரும் என்று பிறகு படித்தேன். அப்படியானால் அந்தப் பெண் எழுதியதும் பாதி சரியோ? இருக்கட்டும். மீதிப் பாதியை யார் எழுதுவது?

தங்கம் எடுத்த பிறகு கொட்டிய சைனைடு மேட்டிலிருந்து காற்று வீசும்போது என் மகள் இருமுகிறாள். நான் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வளர்ந்தபின் அவள் தாத்தாவைத் தேடி அந்த ஆவணத்தைத் திறந்தால், அவராகவே எங்கிருந்தோ ஒரு நோயை வாங்கிவந்தார், சுரங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று படிக்கக்கூடாது.

குழு அடுத்த வாரம் மறுபடி வருகிறது. அந்த உறையில் போட்டுத் தரமாட்டேன். தராவிட்டால் படம் வெளுத்தே போய்விடும் என்ற பயமும் விடவில்லை. உங்கள் வீட்டுப் பொருளை இப்படி ஆவணத்துக்குக் கொடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வீட்டார் சொல்லையும் சேர்த்து எழுதவைக்க என்ன செய்தீர்கள், யாரிடம் கேட்டீர்கள்? தயவுசெய்து சொல்லுங்கள்.