கருவிழித் தடை

தொண்ணூற்றொன்றில் எங்கள் பக்கம் மைக் கட்டுவதென்றால் போலீஸ் லேசில் விடாது. மே மாதம் டவுனில் நடந்த தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்த பிறகு எல்லாவற்றுக்கும் கெடுபிடி. அதனால் டவுனில் எது நடந்தாலும், ஆடித் திருவிழாவாகட்டும், மாட்டுக்கு ஊசி போடுவதாகட்டும், நோட்டீஸ் அடித்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பிவிடுவார்கள். மண்ணூருக்கு உள்ளே தள்ளியிருந்த எங்கள் தெருவில் அதைத் தடங்கலில்லாமல் வாசிக்கிற ஒரே ஆள் நான். ஐந்தாம் வகுப்பு. அழகான கையெழுத்துக்குப் பரிசாக சோப்பு டப்பா வாங்கியவள். அன்றைக்கு எனக்கிருந்த கர்வத்தை நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அப்படி வந்த ஒரு நோட்டீஸ்தான் அது. ஞாயிற்றுக்கிழமை டவுன் ஆஸ்பத்திரியில் பொதுநல முகாம். இலவசக் கண் பரிசோதனை, குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து, பெண்களுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை. கடைசி வரியில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அறிவியல் பாடத்தில் கண்ணுக்குப் படம் போட்டுக் கருவிழி என்று அம்புக்குறி இட்டவள் நான். கருவிழியில் ஏற்படும் தடை கருத்தடை. கண் பரிசோதனையில் தடை இருப்பது தெரிந்தால் அறுத்து எடுப்பார்கள். இதையும் சேர்த்தே வீட்டில் விளக்கினேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. சித்தி மட்டும் அந்த வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

எங்கள் வீடும் சித்தப்பா வீடும் ஒரே வாசல். இரண்டுக்கும் அதிகாரம் அத்தையுடையது. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவர். சித்திக்கு மூன்றும் பெண். மூன்றாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல், வேனில் சென்னைக்குக் கொண்டுபோய், பதினைந்து நாள் கழித்து வெள்ளைக் காகிதம் மாதிரி திரும்பி வந்தார். இன்னொன்று தாங்காது என்று டாக்டர் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். அத்தையும் கேட்டார். கேட்டுவிட்டு, பேர் சொல்ல ஒரு ஆம்பளப் புள்ள வேணாமா என்றுதான் மாதா மாதம் நாள் எண்ணிக்கொண்டிருந்தார். சித்தப்பா வாய் திறப்பதில்லை. திறந்தால் தட்டு பறக்கும். அவருக்கு நாங்கள் எல்லோருமே பயப்படுவோம்.

நோட்டீஸ் வந்த மறுநாளிலிருந்து சித்திக்குக் கண் கூச ஆரம்பித்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்தபடியே இருப்பார். ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து, வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படாமல் கிளம்பியபோது அத்தை வாசலை மறித்தார்.

"கண்ணுக்கு மருந்து ஊத்திக்க கஞ்சி குடிக்காம இன்னாத்துக்குப் போற?"

சித்தியின் கை என் தோளை இறுக்கியது. நோட்டீஸில் வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறது என்று நான் பட்டென்று சொன்னேன். சொல்லித்தான் இருந்தது. அச்சில் வந்தால் அத்தைக்கு மறு பேச்சு கிடையாது, வழி விட்டார். துணைக்கு நான். பஸ்ஸில் டவுன் வரைக்கும் சித்தி என் கையை விடவில்லை, வியர்வையில் வழுக்கியது.

ஆஸ்பத்திரியில் வாசலுக்கு இடப்பக்கம் கிழவர்களும் கிழவிகளும் வரிசை கட்டி நின்றார்கள். சித்தி அந்தப் பக்கம் திரும்பாமல் என்னை வலப்பக்கக் கட்டிடத்துக்கு இழுத்துப் போனார். அங்கே முழுக்கச் சித்தி வயசுப் பெண்கள். இவ்வளவு சின்ன வயதில் இத்தனை பேருக்குக் கண் போய்விட்டதே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டி, வீட்டுக்காரர் எங்கே, கையெழுத்து வேண்டுமே என்றார். டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று சித்தி சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சித்தப்பா கம்பெனியில் பகல் ஷிப்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்.

நர்ஸ் நகர்ந்ததும் சித்தி குனிந்து, "ஒங்க சித்தப்பா பேர எய்து கண்ணு. நல்லா எய்து" என்றார். கணவர் கையொப்பம் என்ற இடத்தில் நான் நிறுத்தி நிதானமாக, கொம்பும் சுழியும் பிசகாமல், அவர் பெயரை எழுதினேன். சித்தியை உள்ளே கூப்பிட்டுப் பச்சை அங்கி மாட்டி உட்காரவைத்தார்கள். படிவம் என் மடியில்.

அப்போதுதான் வாசலில் சைக்கிள் சாயும் சத்தம் கேட்டது. சித்தப்பா. சட்டையெல்லாம் சிமெண்டுத் தூசி. வலப்பக்க வரிசையில் எங்களைப் பார்த்த பால்காரர் கம்பெனி வழியாகப் போகும்போது சொல்லியிருக்கிறார்.

"சித்தி எங்க?"

"உள்ள கீறாங்க. கண்ணுக்கு."

அவர் அந்தப் பெண்களை ஒரு சுற்று பார்த்தார். என் மடியிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். அவருக்கு எழுத்துக் கூட்டவும் வராது. சம்பளம் வாங்குவதே கைநாட்டு வைத்துத்தான்.

"இன்னா எய்திகீது? படி."

படித்தேன். கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொள்ள முழு மனதுடன் சம்மதிக்கிறேன். கருத்தடை என்றால் கருவிழித் தடை என்று விளக்கமும் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை.

"கீய யாரு பேரு?"

"ஒங்க பேரு. நான்தான் எய்தினேன்."

அதற்குள் நர்ஸ் வந்து படிவத்தை வாங்கினார். கையெழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சித்தப்பாவிடம் திரும்பினார். "நீங்கதான் வீட்டுக்காரரா? இது கொழந்த எழுதின மாதிரி இருக்கு. நீங்க போட்டதில்லன்னா இப்பவே அனுப்பிடுவோம். அடுத்த கேம்ப் எப்பன்னு எனக்கே தெரியாது."

பேச்சுக் குரல் கேட்டுச் சித்தி கதவருகே வந்து நின்றார். பச்சை அங்கியில் இன்னும் ஒல்லியாகத் தெரிந்தார். சித்தப்பா எதிரில் அவர் தலை நிமிர்ந்து நின்று நான் பார்த்ததே இல்லை. அன்று நிமிர்ந்து நின்றார்.

"போன தபா செத்துப் பொயச்சேன்," என்றார். "இன்னொரு தபா பொயைக்க மாட்டேன். அப்பறம் மூணையும் நீதான் வளக்கணும்."

சித்தப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. தட்டு பறக்கிற நேரம் அதுதான் என்பதால் நான் பெஞ்சுக்குப் பின்னால் நகர்ந்தேன். நர்ஸ் படிவத்தைக் கிழிப்பவர் போல இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"நான்தான்மா போட்டேன்," என்றார் சித்தப்பா.

"படிச்சிருக்கீங்களா?"

"அஞ்சாவது."

நர்ஸ் ஒரு கணம் யோசித்துவிட்டுச் சித்தியை உள்ளே கூட்டிப்போனார். கதவைச் சாத்தினார்கள். சித்தப்பா பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து, தூசி படிந்த உள்ளங்கையால் முகத்தை மூடிக்கொண்டார்.

எனக்கு வந்ததே கோபம். பச்சைப் பொய். அதுவும் நான் எழுதியதைத் தான் எழுதியதாக, என் வகுப்பையும் சேர்த்துத் திருடிக்கொண்டு. சித்தியைக் கூட்டிக்கொண்டு திரும்பியதும் அத்தையிடம், கண்ணில் தடை இருந்தது, எடுத்துவிட்டார்கள், ஒரு மாதம் தண்ணீர்க் குடம் தூக்கக்கூடாது என்று அதே முகத்தோடு அவர் சொன்னபோது, என் விளக்கத்தையும் அபகரித்துவிட்டாரே என்று அழுகையே வந்துவிட்டது. ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை; தண்ணீர்க் குடங்களை அவரே தூக்கிக்கொண்டிருந்தார்.

கருத்தடை என்றால் என்ன என்று எனக்கு எட்டாம் வகுப்பிலேயே தெரிந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனுஷர் அன்றைக்கு எதில் கையெழுத்துப் போட்டார் என்று தெரிய, எனக்குக் கல்யாணமாகி, இரண்டு பெண் பிறந்து, மூன்றாவதற்கு வீடே நாள் எண்ண வேண்டியிருந்தது.