நெஞ்சுக்கு வாங்கிய ஜம்புச் சாறு

பெலேம் நகரத்தில் குவாமா பகுதியில் பச்சை குத்தும் கடை வைத்திருக்கிறேன். என் பெயர் அடெனில்சன். மீனவர்களின் புஜத்தில் நங்கூரம், கால்பந்துப் பைத்தியங்களின் முதுகில் அவரவர் அணியின் கொடி, காதலில் விழுந்தவர்களின் மணிக்கட்டில் ஒரு பெயர், காதலிலிருந்து எழுந்தவர்களின் மணிக்கட்டில் அந்தப் பெயரை மறைக்க ஒரு ரோஜா. இதுதான் என் பிழைப்பு. ஆனால் என் உடம்பில் மட்டும் ஒரு புள்ளி மை கூடக் கிடையாது.

காரணம் வெட்கக்கேடானது. எனக்கு ஊசி என்றால் பயம். தடுப்பூசி போட வந்த நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதிருக்கிறேன். அப்போது எனக்குக் கல்யாணமே ஆகியிருந்தது. ஊசி என் கையில் இருக்கும்வரை அது வெறும் பேனா. அதன் முனை என் பக்கம் திரும்பினால்தான் ஊசி.

வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். "ஏண்ணே, உங்க மேல ஒண்ணும் காணோமே?"

"என் தோலுக்கு மை ஒத்துக்காது தம்பி" என்பேன், வருத்தத்தோடு.

உள்ளே துணி மடித்துக்கொண்டிருக்கும் என் மனைவி ரோசில்டா அந்த நேரம் பார்த்து இருமுவாள். அவளுக்குச் சளி கிளி ஒன்றும் கிடையாது.

இப்படியே காலம் ஓடியிருக்கும். என் வாய் சும்மா இருந்திருந்தால்.

மராஜோ தீவில் ரோசில்டாவின் அக்கா வீட்டுக்குப் போய்விட்டுப் படகில் திரும்பிக்கொண்டிருந்தேன். விரிகுடாவின் நடுவே இன்ஜின் நின்றது. வானம் கறுத்தது. அலை பக்கவாட்டில் அடிக்க, பயணிகள் படுக்கக் கட்டியிருந்த தூளிகளெல்லாம் ஒன்றோடொன்று மோதின. ஜனங்கள் எங்கள் ஊர் மாதாவான நசரே அன்னையைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். ஒரு அம்மாள் தன் உயரத்துக்கு மெழுகுவத்தி ஏற்றுவதாக வேண்டிக்கொண்டாள். ஒருவர் அன்னையின் அக்டோபர் ஊர்வலத்தில் வெறுங்காலோடு தேர்க்கயிறு பிடிப்பதாகச் சொன்னார். எல்லாம் நியாயமான வேண்டுதல்கள். நான் எழுந்து நின்று, படகு முழுக்கக் கேட்கும்படி அலறினேன்:

"தாயே! என்னைக் கரை சேத்துடு! உன் உருவத்தை என் நெஞ்சுல பச்சை குத்திக்கிறேன்!"

நான் வாயை மூடவில்லை, அதற்குள் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அன்னை மற்ற வேண்டுதல்களைப் பரிசீலித்தபடி இருந்திருப்பாள். இதைக் கேட்டதும் விட மனம் வந்திருக்காது.

அந்தப் படகில் ஒஸ்கரீனா அக்காவும் இருந்தாள் என்பது என் கெட்ட நேரம். ஆற்றங்கரைச் சந்தையில் மூலிகைக் கடை வைத்திருப்பவள். ஊர் முழுக்க அவள் கடையைத் தாண்டித்தான் மீன் வாங்கப் போகும். அவளுக்கு ஒரு செய்தி தெரிந்தால் வானொலி நிலையத்துக்கு வேலை மிச்சம். ஒரு வாரம் கழித்து நான் தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பக்கம் நடந்தேன்.

"ஏய் அடெனில்சன்! சட்டையக் கழட்டு, அன்னை வந்துட்டாங்களான்னு பாப்போம்!"

பக்கத்துக் கடைக்காரிகள் எல்லாம் திரும்பினார்கள். அவர்களுக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"ஊர்வலத்துக்கு இன்னும் நாள் இருக்கே அக்கா."

"உனக்கு நாள் இருக்கு. அவங்களுக்குப் பொறுமை இருக்கா? படகுல நீ கத்தின கத்துல என் காது இன்னும் அடைச்சிருக்கு." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "பயமா?"

தலையாட்டினேன்.

அவள் இரண்டு குப்பிகளை எடுத்து வைத்தாள். ஒன்றில் கரும்புச் சாராயத்தில் ஊறிய ஜம்புப் பூக்கள். தகாகா கஞ்சியில் போடுவோமே, தின்றால் உதடும் நாக்கும் துடித்து மரத்துப்போகுமே, அந்தக் கீரையின் மஞ்சள் பூ. இன்னொன்றில் தேன் நிறத்தில் கோபாய்பா மரத்தின் எண்ணெய்.

"இதத் தடவினா தோல் செத்துடும். அதத் தடவினா கிருமி செத்துடும்."

"நெசமாவே வேலை செய்யுமா?" என்றேன். அதே பலகையில், ஓடிப்போன புருஷனைத் திரும்ப வரவழைக்கும் குப்பி ஒன்றும் இருந்ததால் எனக்குச் சந்தேகம்.

"புருஷனை விடத் தோல் சொன்ன பேச்சக் கேக்கும்பா" என்றாள்.

வீட்டுக்கு வந்து சோதனை செய்தேன். முழங்கையில் சாற்றைத் தடவிக்கொண்டு ரோசில்டாவைக் கிள்ளச் சொன்னேன். அவள் ஆசையாகக் கிள்ளினாள். கல்யாணத்திலிருந்து சேர்த்து வைத்திருந்தாள் போலிருக்கிறது.

"வலிக்குதா?"

"இ...ல்ல" என்றேன். கண்ணில் நீர் முட்டியது.

ஆனால் ஒரு சொட்டை நாக்கில் விட்டதும் நாக்கு முழுக்க எறும்பு ஊர்ந்து, துள்ளி, கடைசியில் மரக்கட்டையாகிவிட்டது. நாக்கே இப்படியென்றால் நெஞ்சு எம்மாத்திரம் என்று முடிவு கட்டினேன். பயந்தவனுடைய தர்க்கம் அப்படித்தான் இருக்கும். தனக்கு வேண்டிய சாட்சியை மட்டும் விசாரிக்கும்.

யாரிடம் குத்திக்கொள்வது? பெத்ரெய்ரா பகுதியில் மரினேஸ் என்று ஒருத்தி கடை வைத்திருக்கிறாள். தொழிலில் எனக்குப் போட்டி. அவள் கோடு என் கோட்டைவிட நேர் என்பது என் வாடிக்கையாளர்களுக்கு மட்டும் தெரியாமல் காப்பாற்றி வந்தேன். வேறு வழியில்லாமல் அவளிடமே கேட்டேன். தினமும் பிற்பகலில் கொட்டும் மழைக்கு முன்னாலேயே வரச் சொல்லியிருந்தாள். ரோசில்டாவும் உடன் வந்தாள். துணைக்கு என்றாள். வேடிக்கை பார்க்க என்று எனக்குத் தெரியும்.

நான் வரைந்து கொண்டுபோன அன்னையின் படத்தை மரினேஸ் வாங்கிப் பார்த்தாள். "என்னண்ணே இது, தபால்தலையா?"

"நெஞ்சுலன்னுதான் வேண்டிக்கிட்டேன். அளவு சொல்லல."

"சாமிகிட்டயே பேரமா? சரி, உக்காருங்க."

நான் குப்பிகளை எடுத்தேன். அவள் முகம் சுளிக்கவில்லை. "ஜம்புவைப் பூசிக்கிட்டு ஊற விடுங்க, உங்க ஆசை. ஆனா குத்துறதுக்கு முன்னாடி சோப்புப் போட்டுக் கழுவி, நான் வெச்சிருக்கிற மருந்தாலதான் துடைப்பேன். அந்த எண்ணெய் வேண்டாம். ஒஸ்கரீனா அக்கா அத எந்தக் கையால ஊத்தினாங்களோ, யாரு கண்டா."

நானும் என் கடையில் அதையேதான் செய்கிறேன். ஆனால் நாற்காலியின் இந்தப் பக்கம் உட்கார்ந்தால் மனிதனுக்கு அறிவு வேலை செய்வதில்லை. மார்பில் சாற்றைத் தேய்த்தேன். கொஞ்சம் குளுகுளுவென்றது, அவ்வளவுதான். பயம் குறையவில்லை. அவள் கையுறை மாட்டத் திரும்பிய நேரம், மீதிச் சாற்றை வாயில் கவிழ்த்துக்கொண்டேன். தைரியத்துக்கு.

அவள் கழுவித் துடைத்துவிட்டு இயந்திரத்தை எடுத்தாள். "பயப்படாதீங்கண்ணே. கொசு கடிச்ச மாதிரிதான் இருக்கும்."

அந்த வசனம் என்னுடையது. ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன். அது எவ்வளவு பெரிய பொய் என்று முதல் கோட்டிலேயே தெரிந்துபோயிற்று. நெஞ்செலும்பின் மேல் யாரோ சூடான கம்பியால் உழுவது போலிருந்தது. தோல் கொஞ்சம்கூட மரத்திருக்கவில்லை. ஜம்பு வேலை செய்தது ஒரே இடத்தில்தான். என் வாயில்.

"நிறுத்து" என்றேன். நாக்கு மேலே எழும்ப மறுத்தது. வெளியே வந்தது பாதி வார்த்தை.

"...உத்து! ...உத்து!"

"குத்துறேன் குத்துறேன், அவசரப்படாதீங்க" என்றாள் மரினேஸ். "பரவாயில்லையே! பயந்தாங்கொள்ளின்னாங்க, குத்து குத்துன்னு கேக்குறாரு!"

நான் ரோசில்டாவைப் பார்த்தேன். அவளுக்கு நான் சொல்வது புரிந்துவிட்டது. எத்தனை வருடம் குடித்தனம் பண்ணியவள். ஆனால் முந்தானை இல்லாத குறைக்குக் கைப்பையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். நான் கையை ஆட்டினால் கோடு கோணலாகும், அது தொழில்காரனுக்குத் தெரியும். ஆகவே அசையாமல், எச்சில் வழிய, "உத்து உத்து" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தபால்தலை அளவு என்பதால் சீக்கிரம் முடிந்தது. "அவ்வளவுதாண்ணே" என்று அவள் கண்ணாடியைக் காட்டியபோது, அதில் ஒரு துளி ரத்தத்தைப் பார்த்தேன். அதற்கப்புறம் நடந்தது எனக்குத் தெரியாது. கண் விழித்தபோது வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. இருவரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஊர்வலத்தன்று சட்டையின் மேல் பொத்தான்களைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றேன். கூட்டத்தில் பக்கத்தில் நின்ற பெரியவர் உற்றுப் பார்த்துவிட்டு, "மணி அழகா இருக்குப்பா" என்றார். அன்னையின் அங்கி கீழே விரிந்திருக்குமல்லவா, சின்ன அளவில் அது மணி மாதிரிதான் தெரிகிறது. நான் மறுக்கவில்லை. பிறகு பூக்களுக்கு நடுவே நிஜ அன்னை எங்களைக் கடந்து போனாள். கயிறு பிடித்தவர்களின் வெறுங்கால்கள், அந்த வேர்வை, அந்த அழுகை. என் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. படகிலிருந்த அந்தக் கறுத்த தண்ணீர் ஞாபகம் வந்தது. ரோசில்டா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அன்று அவள் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு, வருகிறவர்களிடம் "வலிக்கும், நல்லாவே வலிக்கும்" என்று உண்மையைச் சொல்ல ஆரம்பித்தேன். முதல் ஆள் நன்றி சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். இரண்டாமவன் மரினேஸிடம் போனதாகக் கேள்வி. உண்மை பேசுவதால் வரும் நிம்மதியை நான் நிறைய ஓய்வு நேரத்தோடு அனுபவித்தேன்.

அந்த ஓய்வில்தான் யோசித்தேன். ஜம்பு நெஞ்சில் தோற்றது, வாயில் ஜெயித்தது. அப்படியானால் வாயிலேயே தொழில் செய்தால் என்ன? உதட்டில் வளையம் குத்திக்கொள்ளக் கேட்கிறவர்களை அதுவரை திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். மரினேஸிடமே போய்க் கற்றுக்கொண்டேன். அவள் என்னை "உத்து அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே கற்றுக்கொடுத்தாள். வருகிறவர்களிடம் முதலில் ஒரு ஜம்புப் பூவை வாயில் போட்டு மெல்லும்படி சொல்கிறேன். உதடு துடித்து அடங்கியதும், மருந்துக்கடைத் திரவத்தால் வாயைக் கொப்பளிக்க வைத்துத் துடைத்து, குத்துகிறேன். முழுக்க வலிக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாரும் கத்துவதில்லை.

போன சனிக்கிழமை துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஒரு மலை போன்ற ஆள் வந்தார். குத்தி முடித்ததும் கண்ணாடியில் பார்த்துப் பூரித்து, எனக்கு ஏதோ நன்றி சொன்னார். ஒரு சொல்லும் புரியவில்லை. மரத்த வாயிலிருந்து தெறித்த எச்சிலில் என் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. ரோசில்டா அவருக்கு ஒரு துண்டும் எனக்கு ஒரு துண்டும் கொண்டுவந்து கொடுத்தாள்.