மலைமேல் கிடந்த வெள்ளை இழை

கல்யாணத்துக்கோ அடையாள அட்டைக்கோ படம் வேண்டுமென்றால் அந்த ஊரில் யாரும் அவரிடம் போக மாட்டார்கள். அவர் எடுக்கும் படத்தில் வயல் இருக்கும், ஓடை இருக்கும், பனியில் பாதி கரைந்துபோன வேலி இருக்கும். மனிதன் மட்டும் மருந்துக்கும் இருக்க மாட்டான். அதனால் 'ஆளில்லாப் படக்காரர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் தெருவில் வந்தால், "தள்ளி நில்லுங்கப்பா, நாம நின்னா அவருக்குப் படம் கெட்டுப்போயிடும்" என்பார் டீக்கடைக்காரர். படக்காரரும் சிரித்துக்கொண்டே போவார்.

ஐம்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரத்த உறவு என்று சொல்லிக்கொள்ள ஒரே ஒரு தங்கை. அவளை அவர்தான் தூக்கி வளர்த்தார். அந்தத் தங்கையின் தலைக்கு மேல் தொங்கிய ஆபத்தை, நான்கு வருடமாக, மூன்று முடி கொண்ட ஒரு தூரிகையால் அவரே பூசி மறைத்துக்கொண்டிருந்தார். பாவம், அது அவருக்குத் தெரியாது.

வீட்டின் பின்னறைதான் அவருடைய இருட்டறை. ஜன்னலில் தார்க்காகிதம், கூரையில் ஒரு சிவப்பு பல்பு, மேஜைமேல் மூன்று தட்டுகளில் மருந்துத் தண்ணீர். ஃபிலிம் வழியாக ஒளி பட்ட வெள்ளைக் காகிதத்தை முதல் தட்டில் போட்டு அசைத்தால், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து மெல்ல ஒரு மலை எழுந்து வரும். எத்தனை தடவை பார்த்தாலும் அவருக்கு அப்போது மூச்சு நின்றுதான் வரும்.

கழுவிக் காயவைத்த பிறகு கடைசி வேலை ஒன்று உண்டு. ஃபிலிமின் மேல் தூசி உட்கார்ந்திருந்தால் காகிதத்தில் அது வெள்ளைப் புள்ளியாக விழும். நூலிழை ஒட்டியிருந்தால் வெள்ளைக் கோடாக விழும். அந்த இடங்களில், மையைத் தண்ணீரில் கரைத்து, கட்டைவிரல் நகத்தில் தொட்டு நிறம் பார்த்து, தூரிகை நுனியால் புள்ளி புள்ளியாக வைத்து மூடவேண்டும். பூசிய இடத்தை எவனாலும் கண்டுபிடிக்க முடியாது என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

ஆறு வருடத்துக்கு முன்பு, பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் ஓர் ஓடைக்கரையில் நின்று, எதிரே இருந்த புல் மலையைப் படம் எடுத்தார். அந்தப் படத்தைப் பார்த்த தங்கை, "அண்ணா, இந்த மலை அடியிலதான் எனக்கு வீடு வேணும்" என்று பிடிவாதம் பிடித்தாள். அவள் புருஷன் கொத்தனார். இடம் வாங்கி, ஒரே வருடத்தில், தன் கையாலேயே கல் வைத்துக் கட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து படக்காரர் வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் தொடங்கும் முன், எதிர்க்கரையில் தான் போட்டுவைத்த மூன்று கற்களின் மேல் கேமரா முக்காலியை ஊன்றி, அதே மலையையும் அடியில் அந்த வீட்டையும் எடுத்து வந்தார்.

இந்த வருடம் ஒரு கண்காட்சிக்கு ஐந்து வருடப் படங்களையும் வரிசையாக மாட்டக் கேட்டார்கள். ஐந்தையும் புதிதாகக் காகிதத்தில் போட்டார். மூன்று நாளாக வெளியே விடாத மழை. காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக அழுக்கு மறைத்து, காய்வதற்காக மேஜையில் பரப்பினார். ஃபிலிமைப் போடும் சட்டத்தின் ஓரத்துணி நைந்து இழை விடுகிறது என்று வழக்கம்போல அதைத் திட்டிக்கொண்டார். எழுந்து நின்றவர், அப்படியே நின்றுவிட்டார்.

பூசிய ஈரம் இன்னும் காயவில்லை. ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுந்ததில் அந்த ஈரம் மட்டும் மினுங்கியது. முதல் வருடப் படத்தில் மலைமேல் ஒன்றுமில்லை. இரண்டாவதில் எறும்புக்கால் அளவு. மூன்றாவதில் கண் இமை மயிர் அளவு. நான்காவதில் நகத்தின் அகலம். ஐந்தாவதில் ஒரு விரல் நீளம். நான்கு மினுக்கமும் ஒரே இடத்தில், தங்கை வீட்டுக்கு நேர் மேலே.

தூசி எங்கே வேண்டுமானாலும் உட்காரும். வருடா வருடம் ஒரே இடத்தில் உட்காருமா? உட்கார்ந்தால் வளருமா?

ஃபிலிம்களை வெளிச்சத்தில் வைத்து ஊதிப் பார்த்தார், துடைத்துப் பார்த்தார். இழை அசையவில்லை. அது ஃபிலிமின்மேல் இல்லை, மலையின்மேல் இருந்தது. புல் பிளந்து, உள்மண் வெளுப்பாகத் தெரிகிற வெடிப்பு.

தங்கைக்குப் போன் செய்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஃபிலிம்களை ஓர் உறையில் போட்டு மார்பில் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். பெருமழையில் பஸ் நத்தை போல ஊர்ந்தது. வழியில் மண் சரிவு தெரியும்போதெல்லாம் அவர் உறையை மார்போடு அழுத்திக்கொண்டார்.

தங்கை கதவைத் திறந்து, இப்படி நனைந்து வரவேண்டுமா என்று கடிந்தபடி துண்டை நீட்டினாள். வெளிக்கதவு மறுபடி மூடவில்லை. தோளால் இடித்து மூடினாள். மழைக்கு மரம் ஊதிக்கொண்டதாம்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே, உடனே வீட்டை விட்டுக் கிளம்பச் சொன்னார். கொத்தனார் ஃபிலிமை வாங்கி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். எல்லாம் கறுப்பாகத்தான் இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார். மலைமேல் ஏறிப் பார்க்கவும் வழியில்லை. மழை மேகம் பாதி மலையை விழுங்கியிருந்தது.

"மச்சான், மூணு நாள் மழைக்கே இப்படியா? ஒவ்வொரு கல்லும் நான் வச்சது." கொத்தனார் சுவரைத் தட்டிக் காட்டினார். அங்கே, போன வருடப் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. "இதோ, நீங்க எடுத்துக் குடுத்த படம்தானே? இதுல எங்க இருக்கு வெடிப்பு? காட்டுங்க பார்ப்போம்."

மலை, பூனையின் முதுகு போல வழுவழுவென்று படுத்திருந்தது. ஒரு கீறல் இல்லை. எவனாலும் கண்டுபிடிக்க முடியாத வேலை!

அவர் சட்டத்தைக் கழற்றினார். தங்கை பதறினாள், வீட்டிலேயே அவள் உயிராக வைத்திருந்த பொருள் அதுதான். அவர் படத்தை உருவி, சமையலறையில் பாத்திரம் கழுவும் பெரிய தொட்டியில் தண்ணீர் பிடித்து உள்ளே போட்டார். விரல் நுனியால் மலையைத் தேய்த்தார். ஒன்றும் ஆகவில்லை. கொத்தனார் மனைவியைப் பார்த்து, உங்கண்ணனுக்கு என்ன ஆச்சு என்பது போலக் கையை விரித்தார். படக்காரர் தேய்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் விரலில் சாம்பல் நிறம் ஒட்டியது. தண்ணீருக்கு அடியில், வீட்டுக்கு மேலே, ஒரு வெள்ளை இழை கண் திறந்தது.

தங்கை குனிந்து பார்த்தாள்.

"இது எத்தனை வருஷமா இருக்குண்ணா?"

"நாலு வருஷமா. தூசின்னு நெனச்சு நான்தான்மா மறைச்சேன்."

அவள் அழவில்லை, திட்டவில்லை. "கதவும் நாலு வருஷமாத்தான் ஒட்டுது, வெயில் காலத்துலகூட" என்று மட்டும் சொன்னாள். பிறகு செருப்பை மாட்டினாள்.

கொத்தனார் அசையவில்லை. கட்டினவனுக்குத் தெரியாதா என்றார். எவ்வளவு கெஞ்சியும் பயனில்லை. கடைசியில், "நீங்க ரெண்டு பேரும் போங்க. மழை விட்டதும் நானே வந்து அவளைக் கூட்டிட்டு வர்றேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பாலத்தைக் கடந்து எதிர்க்கரை மேட்டில் ஏறி, அண்ணனும் தங்கையும் அந்த மூன்று கற்களின் அருகே நின்றார்கள். ஒரு குடை, இரண்டு பேர். எதிரே மலை, வீடு, மழை. அவர் வருடா வருடம் பார்த்த அதே காட்சி. அரை மணி போயிற்று. பறவைச் சத்தம் அடியோடு நின்றுவிட்டதைத் தங்கைதான் முதலில் சொன்னாள். ஓடையில் தண்ணீர் காப்பி நிறத்துக்கு மாறியது. அவள் விரல்கள் அவர் முழங்கையில் பதிந்தன. அந்தப் படத்துக்குள் ஓர் ஆள் வரமாட்டானா என்று வாழ்க்கையில் முதல் முறையாக அவர் ஏங்கினார்.

ஆள் வந்தான். கதவை உதைத்துத் திறந்து, சட்டைக்குள் எதையோ அணைத்துப் பிடித்தபடி, முதலில் நடந்து, பிறகு ஓடத் தொடங்கினான். அவன் பாலத்தில் கால் வைத்தபோது மேகத்துக்குள்ளிருந்து கனமான ஒரு பெருமூச்சு கேட்டது. மலையின் முதுகுத்தோல் அப்படியே நழுவி இறங்கியது. வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை.

கொத்தனார் மேட்டுக்கு வந்து சேர்ந்தார். தங்கை அவர் முகத்திலிருந்த சேற்றை முந்தானையால் துடைத்துவிட்டாள். அவர் சட்டைக்குள்ளிருந்து ஈரப் படத்தை எடுத்து நீட்டினார்.

"நீங்க போன அப்புறமும் மை கரைஞ்சுக்கிட்டே இருந்துச்சு மச்சான். கோட்டுக்கு ரெண்டு பக்கமும் புள்ளி புள்ளியா வெள்ளை கிளம்புச்சு. சேர்த்துப் பார்த்தேன். நம்ம வீட்டைச் சுத்தி வளைச்சிருந்துச்சு."

அந்தப் புள்ளிகளையும் தனித்தனித் தூசி என்றுதான் படக்காரர் மறைத்திருந்தார்.

தங்கையும் கொத்தனாரும் இப்போது அவருடைய வீட்டு முன்னறையில் இருக்கிறார்கள். தூரிகையை அவர் ஒடித்துப் போட்டுவிட்டார். கண்காட்சிக்குப் படங்கள் போகவில்லை. பின்னறையில் முப்பது வருடப் படங்கள் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. எத்தனையோ ஊர், எத்தனையோ மலை, எல்லாவற்றிலும் அவர் கைவேலை. அவற்றை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் ஊறப்போடுகிறார். பெரும்பாலும் வெளிவருவது வெறும் தூசிதான்.

நேற்று மத்தியானம், பதினோரு வருடத்துக்கு முந்தைய ஒரு படத்தில் கரிய மலையொன்றின் தோளில் மெல்லிய இழை ஒன்று வெளிவந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். மலையடியில் நாலைந்து கூரைகள். ஒரு கொடியில் துணி காய்ந்தது. அத்தனையும் சின்னக் குழந்தைகளின் சட்டைகள்.

படத்தின் பின்னால் ஊர்ப்பெயரைத் தன் கையாலேயே எழுதியிருந்தார். அந்தப் பக்கம் இரண்டு நாளாக மழை என்று காலையில் ரேடியோவில் சொன்னது அவருக்கு நினைவு வந்தது. ஈரம் சொட்டும் படத்தை மடித்து மார்பில் செருகிக்கொண்டு, குடையைத் தேடினார்.