இடது பக்கம் ஒன்பது மில்லிமீட்டர்

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இது என் அக்கா கணவருக்கு நிஜமாகவே நடந்தது. நடந்து முப்பத்தாறு நாள்தான் ஆகிறது. ஒன்றை இரண்டாக்கிச் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. கார் மெக்கானிக். எதையும் அளந்துதான் பேசுவார், அதனால் தெருவில் அவருக்கு மில்லிமீட்டர் என்றே பெயர். சுருக்கி மில்லி என்று கூப்பிட்டால் மட்டும் கோபம் வரும், ஏனென்றால் மனிதர் குடிக்காதவர்.

அவர் தம்பி ஆசைப்பட்டு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். சிவப்பு நிறம், இரண்டே சீட், வயது ஐம்பது. ஓட்டினால் இடது பக்கம் இழுத்தது. மறுநாள் விடிந்ததும் புது மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து அதில் மலையேறப் போகிறான். அந்தப் பாதையில் இடது பக்கம் முழுக்கப் பள்ளம்.

"அண்ணே, இன்னைக்குள்ள சரி பண்ணிடுண்ணே," என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை. ஷெட்டில் வேறு யாரும் இல்லை. சாரல் உள்ளே அடித்ததால் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டார்.

மதியம் 2.10. காரின் இரண்டு பக்கமும் நீளமாக நூல் கட்டினார். நூலிலிருந்து முன்சக்கரம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்ப்பதுதான் அவர் முறை. அதற்கு முன்னால் கார் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. இடது பக்கம் ஒன்பது மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. தம்பி கார் வாங்கிய கையோடு, முந்தின வாரம்தான் அவரே புது ஸ்ப்ரிங் போட்டிருந்தார். தரையை மட்டம் பார்த்தார். சரியாக இருந்தது. டயரில் காற்று... அதுவும் சரி.

இந்த மாதிரிச் சின்ன கார்களுக்கு, ஓட்டுகிறவரின் எடையைச் சீட்டில் வைத்துத்தான் அவர் அளவெடுப்பார். அதற்கென்றே சின்னதும் பெரிதுமாக மணல் மூட்டைகள் இருந்தன. தம்பி அறுபத்தைந்து கிலோ. வலது சீட்டில் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே வந்தார். நாற்பத்தெட்டு கிலோ வந்ததும் இரண்டு பக்கமும் சமமாகிவிட்டது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அப்படியானால் இடது சீட்டிலும் நாற்பத்தெட்டு கிலோ இருக்கிறது.

எட்டிப் பார்த்தார். சீட் காலி. ஆனால் சீட்டுத் தோலின் நடுவில் ஒரு குழி. தடவிப் பார்க்கப் போனவர், ஏனோ கையை இழுத்துக்கொண்டார்.

"பழைய சீட்டு, அமுங்கிப் போயிருக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சத்தமாகவே சொன்னார்.

2.34. சின்னச் சக்கரங்கள் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து, இடது முன்சக்கரத்துக்கு அருகே நகர்ந்தார். நட்டில் ஸ்பேனரை வைத்தார்.

கிரீச்...

சீட் ஸ்ப்ரிங்கின் சத்தம்.

இடது பக்கம் மெதுவாக எழும்பியது. ஆள் இறங்கினால் கார் எழும்புமே, அப்படி. கதவு மூடியபடியே இருந்தது.

டிங்...

நூல் அதிர்ந்தது. யாரோ காலில் தட்டிக்கொண்டது போல.

காருக்கு அடியிலிருந்தே தலையைத் திருப்பிப் பார்த்தார். மூச்சை அடக்கிக்கொண்டார்.

யாரும் தெரியவில்லை.

பலகை... கால்மாட்டில் தாழ்ந்தது.

யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

எதையும் அளந்து சொல்லும் மனிதருக்கு, எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தார் என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை. பிறகு பலகை நிமிர்ந்தது. மறுபடி நூல். மறுபடி கிரீச். கார் பழையபடி இடது பக்கம் இறங்கியது.

ஷட்டருக்கு அடியில் உருண்டு தெருவுக்கு வந்து, மழையில் நின்றபடி கடிகாரத்தைப் பார்த்தார். 2.51.

ஐந்து மணிக்குத் தம்பி வந்தான்.

"கார் தர முடியாதுடா."

"ஏண்ணே?"

"ஸ்டியரிங் ராடு விரிசல் விட்டிருக்கு."

ஒரு வண்டியைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய் அது. தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்கப் போனான். கோபித்தால் கோபிக்கட்டும், உயிரோடு இருந்து கோபிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

மாலை 6.15. காரை விற்றவருக்குப் போன் செய்தார். அவர் ஒரு பல் டாக்டர்.

"சார், அந்த இடது சீட்டுல..."

டாக்டர் அவரை முடிக்க விடவில்லை.

"எடை பாத்தீங்களா?" என்றார் டாக்டர்.

"நாப்பத்தெட்டு கிலோ."

"அதுல யாரையும் உக்கார வெச்சுடாதீங்க. என் மனைவி ஒரே ஒரு தடவை உக்காந்தா." அதற்கு மேல் மனைவியைப் பற்றி அவர் பேசவில்லை.

"நீங்க வாங்குனப்பவும் நாப்பத்தெட்டா சார்?"

"இல்ல. நான் வாங்கிப் பத்து வருஷம் ஆச்சு. அப்போ பதினேழு கிலோதான்."

டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வருஷா வருஷம் ஏறுதுங்க. வளர்ற வயசுல்ல..."